விதைக்கு ஒதுக்கிய கதிர்

புரட்டாசி கடைசியில், சாமைக் காட்டில் அரிவாள் வைப்பதற்கு முதல் நாள் காலை, நான் மட்டும் ஒரு கூடையோடு காட்டுக்குப் போவேன். கதிரில் இருக்கும் பனி ஈரம் காய்ந்திருக்க வேண்டும். வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டால் முற்றிய மணி கை பட்டதுமே உதிரும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் அடுத்த வைகாசிக்கு வேண்டிய விதையைக் கதிர் கதிராகப் பொறுக்கிவிட வேண்டும். 1986-ல் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். அன்று முதல் ஏறக்குறைய எல்லா ஆண்டும் இதைச் செய்கிறேன். வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த காலை அதுதான்.

வரப்போரம் நிற்கும் பயிரைத் தொடமாட்டேன். அதற்கு வெளிச்சமும் எருவும் கூடுதலாகக் கிடைத்திருக்கும்; அதன் செழிப்பு நின்ற இடத்தால் வந்த செழிப்பு. காட்டின் நடுவில், நாலு பக்கமும் பயிர் நெருக்கி நிற்கிற இடத்தில், அந்த நெருக்கத்திலும் நன்றாகத் தூர் கட்டியிருக்கிற பயிர் எது என்று பார்க்க வேண்டும். தாள் சாய்ந்திருக்கக் கூடாது. கதிர் மணி பிடித்து ஒரு பக்கமாக வளைந்து தொங்க வேண்டும். இலையில் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கலாம். கதிரில் இருக்கக் கூடாது. ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் அழுத்துவேன். முற்றாதது நசுங்கிப் பால் விடும். முற்றியது நகத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். கரிப்பூட்டை விழுந்த கதிர் ஒன்று தென்பட்டால் அந்தப் பயிரை மட்டுமல்ல, பக்கத்துப் பயிரையும் விட்டுவிடுவேன். வேற்று நிற மணி வைத்த கதிர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது சோற்றுக்கு, விதைக்கு இல்லை.

ஒரு கிராம் சாமையில் நானூறு மணிக்கு மேல் இருக்கும். அதில் ஒரு மணியை நகத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்வது வெளியாளுக்கு வீண் வேலையாகத் தெரியலாம். ஆனால் நடுக்காட்டில் பொறுக்கிய விதையை விதைத்த வருஷமும், களத்தில் கூட்டி அள்ளிய விதையை விதைத்த வருஷமும் எனக்குத் தெரியும். களத்து விதை போட்ட காட்டில் ஒரு பயிர் கதிர் தள்ளியிருக்கும், ஒன்று பூத்திருக்கும், ஒன்று உதிர ஆரம்பித்திருக்கும். எந்த நாளில் அறுத்தாலும் பாதி நட்டம்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் இருக்கிறது. நாமக்கல் மாவட்டம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு; அங்கிருந்து கிளைக் கிளையாகப் பிரியும் பாதைகளில் எங்கள் ஊர்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரிலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரைக்கும் உயரம். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிறவர்கள் ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நாங்கள் மலையாளிகள் என்று அவர்களிடம் சொன்னால் கேரளமா என்று கேட்பார்கள். எங்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மலை இன்றும் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, இன்னும் பல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த நாடுகளுக்குள்தான். பெண் போகிற வழியாகவே விதையும் போகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காடு என்று நான் சொல்வது விளைநிலத்தை. பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் சாமைக் காடு, கேழ்வரகுக் காடு, தினைக் காடு. சாமை என்று பொதுவாகச் சொல்வது கடைக்காரர் பேச்சு. எங்களுக்கு வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலாச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, கருஞ்சாமை என்று ஒவ்வொன்றும் தனி ஆள். வெள்ளப்பெருஞ்சாமை காட்டில் ஐந்து மாதம் நிற்கும். நல்ல மண்ணும் நிதானமான மழையும் கேட்கும். வைக்கோலும் நிறையத் தரும். கட்டவெட்டி மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும். மண் மெலிந்த சரிவிலும், மழை பிந்திய ஆண்டிலும் அதை நம்பலாம். கேழ்வரகிலும் அப்படித்தான். சுருட்டைக் கேழ்வரகின் கதிர் விரல் மடக்கிய கை போல உள்ளே சுருண்டிருக்கும். வேறொன்று விரல் விரித்து நிற்கும். எங்கள் மாமனார் எந்த ஆண்டும் ஒரே சாமையைக் காடு முழுக்கப் போட்டதில்லை. மேல் காட்டில் ஒன்று, கீழ்க் காட்டில் ஒன்று. ஒன்று மழையில் சாய்ந்தால் இன்னொன்று சோறு போடும்.

விதைப்பு எளிய வேலை போலத் தோன்றும். சரிவில் அது எளிதில்லை. ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை போதும், ஆனால் அவ்வளவு சிறிய விதையைக் கையில் அள்ளி வீசினால் ஒரு இடத்தில் குவியும், ஒரு இடம் வெறுமையாகப் போகும். அதனால் மணல் கலந்துகொள்வோம். கைப்பிடி நிறைந்திருக்கும், விரலிடுக்கில் இறங்குவது சீராக இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, சரிவுக்குக் குறுக்காக நடந்து வீச வேண்டும். பிறகு முள்கொத்தைக் கட்டி மாட்டை விட்டு மெல்ல இழுத்தால் விதை மேல் மண் போர்வை போல மூடும். ஆழம் ஒரு விரல் நகத்தளவு. அதற்கு மேல் போனால் முளை வெளியே வராது. ஊடே கடுகும் துவரையும் அவரையும் தூவுவோம். சாமை அறுத்த பிறகு துவரை நிற்கும்.

நான் ஒரு தடவை விதையைச் சாகவிட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது முழுமையாகாது.

பழைய கூரை வீட்டை விட்டுக் காங்கிரீட் வீட்டுக்கு மாறிய சமயம். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்துகொண்டன. இரண்டு ஏக்கரையும் மரவள்ளிக்கு விட்டோம். ஒரு வருஷம் என்று நினைத்தது ஐந்து வருஷமாக நீண்டது. வெள்ளப்பெருஞ்சாமை விதை நாலு படி, சாம்பலில் பிசறி, மண்பானையில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி வைத்திருந்தேன். பானை அத்தையின், அதாவது என் மாமியாரின், பழைய வீட்டில் இருந்தவரை அடுப்புக்கு மேலே பரணில் புகை பட்டுக்கொண்டு இருந்தது. புது வீட்டில் விறகடுப்புமில்லை, பரணுமில்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். ஐந்தாம் வருஷம் மெழுகை உடைத்துப் பார்த்தால் ஒரு பூச்சி கிடையாது. பூஞ்சணம் கிடையாது. கையில் அள்ளினால் பளபளவென்று வழிந்தது. சந்தோஷமாக விதைத்தேன். எட்டாம் நாள் காட்டுக்குப் போனால் சால் சாலாக வெறும் மண். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருந்தது. சமைத்துச் சாப்பிட்டிருந்தால் சோறாகியிருக்கும். முளைக்கிற உயிர் மட்டும் அதில் இல்லை.

அத்தை அப்போது படுக்கையில் இருந்தார். மெதுவாகத்தான் பேசினார். "பூட்டி வச்சா எது கண்ணு உசுரோட இருக்கும்? வருசத்துக்கு ஒரு பாத்தியாவது போட்டிருக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டேன். யாரிடமும் இல்லை. எல்லார் காட்டிலும் மரவள்ளி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேட்டேன். கடைசியில் வேறு நாட்டில் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா வீட்டில் இருக்கிறதென்று தெரிந்து, பஸ் போகாத பாதையில் பாதி நாள் நடந்து போனேன். சின்னம்மா தானியம் கொட்டிவைக்கும் தொம்பையின் அடி வாசலைத் திறந்து கையில் கொட்டிக் காட்டினார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் அத்தை வீட்டுச் சாமையேதான். விசாரித்தால், சின்னம்மாவின் மாமியாருக்கு என் அத்தையின் நாத்தனார் கல்யாணச் சீரோடு கொண்டுபோய்க் கொடுத்த விதை. நாற்பது வருஷம் அந்தக் காட்டில் விளைந்து, எங்கள் விதை எங்களுக்குத் திரும்பி வந்தது. இரண்டு படி கொடுத்தார். "விளைஞ்சதும் மூணு படியாக் குடுத்தனுப்பு, வெறுங்கையோட வராத" என்றார். காசு பற்றிய பேச்சே எழவில்லை. விதைக்குக் காசு வாங்குவது எங்கள் மலையில் அண்மைக் காலம் வரை இல்லாத வழக்கம். அந்த வருஷம் மூன்று படி கொடுத்தேன். அத்தை அந்த அறுவடையைப் பார்த்தார்.

இவ்வளவு நல்ல தானியத்தை ஏன் விட்டீர்கள் என்று மலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். குரலில் குறை சொல்லும் தொனி இருக்கும். அவர்களுக்கு நான் உரலைக் காட்டுவேன்.

சாமை நெல்லைப் போல இல்லை. உமி மணியோடு இறுக ஒட்டியிருக்கும். முதல் நாள் பகலில் காயவைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உரலில் போட வேண்டும். இரண்டு பேர், சில வீட்டில் மூன்று பேர், மாற்றி மாற்றி உலக்கை போடுவோம். ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும். தாளம் தப்பினால் விரல் போகும். முதல் குத்தில் உமி கழலும். முறத்தில் இட்டுப் புடைத்தால் உமி முன்னால் பறக்கும். மறுபடி உரல். இரண்டாம் குத்தில் தவிடு. மறுபடி புடைத்து, பக்கவாட்டில் அசைத்துக் கொழித்தால் குத்துப்படாத மணி ஒரு பக்கம் ஒதுங்கும். அதை எடுத்து மூன்றாம் முறை உரலில் போட வேண்டும். பத்துப் படி சாமை போட்டால் ஐந்தாறு படி அரிசி வந்தால் பெரிது. அதோடு முடியாது. சாமை அரிசியும் களத்து மணலும் ஒரே அளவு. சமைக்கும் முன் இரண்டு சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்லச் சாய்த்துச் சாய்த்து அரிக்க வேண்டும். கல் அடியில் தங்கும். அரிக்கத் தெரியாத மருமகள் வீட்டுச் சோற்றில் பல் போகும் என்பார்கள். களத்தைச் சாணியால் அத்தனை அழுத்தமாக மெழுகுவதும் அதற்காகத்தான்.

என் அத்தையின் உள்ளங்கை ஞாபகம் வருகிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த காய்ப்பு மாட்டுக் குளம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை உறுத்தக் கூடாதென்று புறங்கையால் தேய்ப்பார். பன்னிரண்டு வயதில் உலக்கை பிடித்தவர். வீட்டில் ஒன்பது பேர். ஒவ்வொரு நாளும் குத்தினால்தான் சோறு.

ரேஷன் அரிசி கைக்கு எட்டிய விலையில் வந்தபோது பெண்கள்தான் முதலில் உரலை விட்டோம். 2011 ஜூனிலிருந்து அது இலவசமாகவே கிடைக்கிறது. மூட்டையைப் பிரித்தால் அரிசி. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். விடியற்காலை மூன்று மணித் தூக்கம் எங்களுக்குக் கிடைத்தது. அதைத் தவறென்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். மரவள்ளியையும் நான் திட்டமாட்டேன். கீழே சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகள் கிழங்கைக் கேட்டன. லாரி மலையேறி வந்து கையில் காசு கொடுத்தது. என் மகள் கல்லூரிக்குப் போனது கிழங்குக் காசில். ஆனால் மரவள்ளி எடுக்கும்போது மண்ணைப் புரட்டிவிட்டுத்தான் வரும். சரிவில் புரட்டிய மண் அடுத்த மழைக்கு ஓடையில் போகும். சாமை வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வைக்கோல் மாட்டுக்குப் போகும், மாட்டு எரு திரும்பக் காட்டுக்கு வரும். மரவள்ளிக் காட்டில் அந்தச் சுற்று அறுந்துவிட்டது. மாடும் குறைந்தது. இப்போது உர மூட்டை மலையேறுகிறது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து ஊர் ஊராக விதை கேட்டார்கள். எந்தச் சாமை யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் பெயர்களை அவர்கள் அக்கறையோடு நோட்டில் எழுதியது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அவர்கள் செய்ததில் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் அவர்கள் வைத்த விதை வங்கியை இரண்டாவதாகத்தான் சொல்வேன். மகளிர் குழுக்களின் கையில் சாமை குத்தும் இயந்திரத்தைக் கொடுத்தார்களே, அதுதான் முதலாவது. நான் முதலில் அரைக்கக் கொண்டுபோனபோது பாதி குருணையாக வந்தது. காயப்போட்ட பக்குவம் போதாது; சிறு மணி பெரு மணி சலித்துப் பிரிக்காமல் போட்டதும் தப்பு. இரண்டு மூன்று அறுவடையில் பழகிவிட்டோம். இப்போது மூட்டையோடு போய், டீ குடித்து முடிப்பதற்குள் அரிசியோடு வரலாம். உலக்கைப் பாரம் இறங்கிய பிறகுதான் எங்கள் ஊரில் நாலைந்து வீட்டுக் காடுகளில் மறுபடி சாமை தெரிந்தது. வாய்க்குப் போகாத தானியத்தை யாரும் காட்டில் போடுவதில்லை. விதை காக்கிற எல்லா முயற்சியும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது என்று எனக்குப் பட்டிருக்கிறது.

2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது நகரத்திலிருந்து வாங்க ஆட்கள் வந்தார்கள். விலையும் ஏறியது. ஒருவர் எங்கள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெள்ளையாத் தீட்டிக் குடுங்க, இந்த நிறத்துக்கு ஆள் வாங்கமாட்டாங்க" என்றார். அவர் மேல் கோபமில்லை. கடையில் நடப்பதைத்தான் சொன்னார். ஆனால் சாமையைப் பளிச்சென்று தீட்டினால் தவிடு முழுவதும் போய்விடும். சத்தும் வாசமும் அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன. தவிட்டோடு இருக்கும் அரிசி மங்கிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் சிக்கு வாடை அடிக்கும். அதனால்தான் நாங்கள் அரிசியாக்கி வைப்பதில்லை. உமியோடு தொம்பையில் கிடக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு. உமி இருக்கும் வரை சாமை ஆண்டுக்கணக்கில் சோற்றுக்குக் கெடாது.

தொம்பையைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் பத்தையைப் பின்னி, செம்மண்ணும் சாணியும் குழைத்து உள்ளும் புறமும் பூசி, கல் மேல் தூக்கி நிறுத்தியிருப்போம். மேலே மூடி, அடியில் ஒரு கை நுழையும் வாசல். ஈரம் ஏறாது, எலி ஏறாது. மண் பூச்சு வருஷத்துக்கு ஒரு முறை வெடிக்கும். தை மாதம் வெடிப்பில் விரல் விட்டுப் பார்த்துப் பூச வேண்டும். எங்கள் ஊரில் இப்போது தொம்பை பின்னத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். என் மகன் அவரிடம் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். அவன் பின்னிய முதல் தொம்பை கொஞ்சம் கோணல். அதில்தான் இப்போது எங்கள் சாமை இருக்கிறது.

மருமகள் இந்த வருஷம் முதல் தடவையாக என்னோடு கதிர் பொறுக்க வந்தாள். வரப்போரத்துப் பெருங்கதிரைக் கண்டதும் கை நீட்டினாள். "அது வேண்டாம் கண்ணு, நடுவுல வா" என்றேன். இரண்டு பேருமாகக் கூடை நிறையப் பொறுக்கினோம். விதைக் கதிரைக் களத்தில் மாடு விட்டு மிதிக்கமாட்டோம். திண்ணையில் உட்கார்ந்து கையால் கசக்கி, நாலு வெயில் காயவைத்து, சாம்பலில் பிசறி, நொச்சி இலை போட்டு, பானையைக் கட்டிவிட்டோம். பழைய விறகடுப்பைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் மறுபடி போட்டிருக்கிறேன். விதைப் பானை அதற்கு மேலே, புகை படும் இடத்தில்.

படிக்கிற உங்களிடம் கேட்க ஒன்றுண்டு. சாமை வாங்கினால் தீட்டாத, நிறம் மங்கிய சாமையைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் சமையுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில். மொச்சைக் குழம்போ அவரைக் குழம்போ அதற்கு நன்றாகச் சேரும். வாங்கும் இடத்தில் இது எந்த மலைச் சாமை, என்ன பெயர்ச் சாமை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தால் கடைக்காரர் எங்களைக் கேட்பார்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று சாமை விதை இருக்கிறது: வெள்ளப்பெருஞ்சாமை ஆறு படி, கட்டவெட்டி நாலு படி, கருஞ்சாமை ஒரு படி. வைகாசி மழைக்கு மூன்றும் காட்டுக்குப் போகும்.